மார்க்கமும் தத்துவமும் பகைவர்களா?

(இளைஞர்களுக்கான மார்க்கக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

 

எனக்குத் தரப்பட்ட தலைப்பு சற்றுக் கனமானது. இஸ்லாமிய வரலாற்றின் நடுக்காலத்தில் 'ஃபல்ஸஃபா' என்னும் தத்துவத்திற்கும், 'இல்முல் கலாம்' என்னும் இறையியலுக்கும் இடையே நடந்தது என்ன? பழைய கதை, இதைத் தெரிந்து நமக்கு என்ன ஆகப் போகிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த நினைப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்மைப் பற்றி இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. ஒன்று வெளியிலிருந்து வருவது: "முஸ்லிம்கள் ஒரு காலத்தில் அறிவில் சிறந்திருந்தார்கள். இமாம் கஸ்ஸாலி தத்துவத்தைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். அன்றோடு அவர்களின் சிந்தனை செத்தது." பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1883-ல் பாரிஸின் ஸோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை இந்தப் பேச்சுக்கு நல்ல விளம்பரம் தந்தது. அந்த ஆண்டிலேயே ஜமாலுத்தீன் ஆஃப்கானி அதே நகரின் பத்திரிகையில் அவருக்குப் பதில் எழுதினார். ஆனாலும் பேச்சு நின்றபாடில்லை. இன்றும் நம் கல்லூரி மாணவர்கள் பாடப் புத்தகத்தில் இதைப் படித்துவிட்டுத் தலை குனிந்து நிற்கிறார்கள்.

இரண்டாவது பேச்சு உள்ளிருந்து வருவது: "தத்துவம் கிரேக்கக் காஃபிர்களின் சரக்கு. அதைத் தொட்டவன் வழி கெட்டான். கேள்வி கேட்காதே, ஈமான் போய்விடும்."

வேடிக்கை என்னவென்றால், இரண்டு சாராரும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். சாட்சியின் வாக்குமூலத்தை இருவருமே முழுதாகப் படிக்கவில்லை.

எப்படித் தொடங்கியது?

பக்தாத் நகரை கலீஃபா மன்ஸூர் கி.பி. 762-ல் நிறுவினார். அடுத்த இருநூறு ஆண்டுகளில் கிரேக்க மொழியிலிருந்த மருத்துவம், கணிதம், வானவியல், தர்க்கம் ஆகியவற்றில் கையில் கிடைத்ததில் பெரும்பகுதி அரபிக்கு வந்து சேர்ந்தது. மொழிபெயர்த்தவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். அவர்களில் தலைசிறந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் நஸ்தூரியக் கிறிஸ்தவர். பணம் கொடுத்தவர்கள் முஸ்லிம் கலீஃபாக்கள், அமைச்சர்கள், செல்வந்தர்கள். அன்றைய முஸ்லிம் சமுதாயத்திற்கு இதில் எந்தத் தாழ்வு மனப்பான்மையும் இருக்கவில்லை. ஆள்பவனுக்கு அந்த அச்சம் வராது என்பதும் உண்மைதான்! அரபுகளின் முதல் தத்துவவாதி எனப்படும் கிந்தி, உண்மை எந்தத் தூர தேசத்து மக்களிடமிருந்து வந்தாலும் அதை ஏற்க வெட்கப்பட வேண்டியதில்லை என்ற கருத்தைத் தம் நூலில் எழுதி, அதை கலீஃபா முஃதஸிமுக்கே காணிக்கையாக்கினார்.

ஆனால் இறையியல் கிரேக்கத்திலிருந்து வந்ததல்ல. இதை நன்றாகக் கவனியுங்கள். மொழிபெயர்ப்புகள் பெருகுவதற்கு முன்பே பஸ்ராவின் பள்ளிவாசல் திண்ணைகளில் அது பிறந்துவிட்டது. பெரும் பாவம் செய்தவன் முஃமினா, காஃபிரா? மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பா, எல்லாம் விதியா? இவை வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல. முஸ்லிம்களுக்குள் வாள் உருவப்பட்டுப் பல்லாயிரம் பேர் மாண்ட பிறகு எழுந்த கேள்விகள். அநீதி செய்யும் ஆட்சியாளன், "இதுவும் அல்லாஹ்வின் நாட்டம்தான்" என்று சொல்லித் தப்பிக்கலாமா என்ற கேள்வியும் அவற்றுக்குள் இருந்தது.

இந்தச் சூழலில் வந்தவர்கள்தாம் முஃதஸிலாக்கள். வாஸில் இப்னு அதா (இறப்பு கி.பி. 748) இவர்களின் முன்னோடி. அல்லாஹ் நீதியாளன், எனவே மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்றார்கள். நன்மை தீமையை அறிவு தானாகவே அறியும் என்றார்கள். அல்லாஹ்வைத் தவிர ஆதியானது எதுவுமில்லை, ஆகவே குர்ஆனும் படைக்கப்பட்டதே என்றார்கள். அவர்கள் கண்ணோட்டத்தில் இது தவ்ஹீதைக் காக்கும் முயற்சி. அந்த நோக்கத்தில் குறை காண எனக்கு மனமில்லை. குறை வேறோரிடத்தில் வந்தது.

கலீஃபாவின் கேள்வித்தாள்

கி.பி. 833. கலீஃபா மஃமூன், பக்தாதிலிருந்த தம் அதிகாரிக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். காஜிகளையும் ஹதீஸ் அறிஞர்களையும் வரவழைத்து, "குர்ஆன் படைக்கப்பட்டதா?" என்று ஒவ்வொருவரிடமும் கேள், ஆம் என்று சொல்லாதவர் பதவியில் இருக்கக் கூடாது, அவர் சாட்சியமும் செல்லாது! இதுதான் வரலாற்றில் 'மிஹ்னா' எனப்படும் சோதனை.

பலர் அஞ்சி 'ஆம்' என்றார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) மறுத்தார்கள். அவர்களும் முஹம்மத் இப்னு நூஹ் என்பவரும் விலங்கிடப்பட்டு, தர்ஸூஸில் முகாமிட்டிருந்த கலீஃபாவிடம் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேருமுன் மஃமூன் இறந்துவிட்டார். திரும்பும் வழியில் முஹம்மத் இப்னு நூஹும் இறந்தார். அடுத்து வந்த முஃதஸிம் காலத்தில் இமாம் அவர்களுக்குச் சாட்டையடி கிடைத்தது. அதற்கடுத்த வாஸிக் காலத்தில், 846-ல் அஹ்மத் இப்னு நஸ்ர் அல்-குஸாயீ என்ற அறிஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முதவக்கில் ஆட்சிக்கு வந்த பின்னரே இந்தக் கொடுமை ஓய்ந்தது.

அறிவின் பெயரால் அரசு மனிதர்களின் நெஞ்சைப் பிளந்து பார்க்க முற்பட்டது. அறிவைப் போற்றிய கூட்டம் அதற்குத் துணை நின்றது. விளைவு? பொதுமக்களின் மனதில், தர்க்கம் பேசுபவன் அரண்மனையின் ஆள் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. முஃதஸிலாக்களின் வாதங்கள் பின்னர் தோற்றதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் மக்கள் அவர்களைக் கைவிட்டதற்கு அந்தச் சாட்டையே காரணம் என்பது என் கருத்து. காற்று திரும்பியபோது மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. முதவக்கில் காலத்தில் கிந்தி அடிக்கப்பட்டார், அவருடைய நூலகம் சில காலம் பறிக்கப்பட்டிருந்தது என்று பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இத்தனைக்கும் கிந்தி முஃதஸிலா கூட்டத்தின் தலைவர் அல்ல!

மூன்று சகோதரர்களின் கதை

இதற்கு அடுத்த தலைமுறையில் வந்தவர்கள் இமாம் அபுல் ஹஸன் அஷ்அரி (ரஹ்). நாற்பது வயது வரை முஃதஸிலாவாக இருந்து பின்னர் விலகியவர்கள். அவர்களையும் அவர்களின் ஆசிரியர் ஜுப்பாயீயையும் பற்றி ஒரு கதை சொல்லப்படும். இது அப்படியே நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் கதையில் இருக்கும் கேள்வி அசலானது.

மூன்று சகோதரர்கள். ஒருவன் நல்லடியானாக இறந்தான். ஒருவன் இறைமறுப்பாளனாக இறந்தான். மூன்றாமவன் சிறு குழந்தையாகவே இறந்துவிட்டான். முதலாமவனுக்கு சுவனத்தில் உயர் பதவி, இரண்டாமவனுக்கு நரகம், குழந்தைக்கு ஆபத்தில்லாத ஓரிடம் என்றார் ஆசிரியர். "இறைவா, என்னையும் வாழ விட்டிருந்தால் நானும் நன்மை செய்து உயர் பதவி பெற்றிருப்பேனே என்று குழந்தை கேட்டால்?" என்றார் மாணவர். "நீ வளர்ந்தால் பாவியாவாய் என்று எனக்குத் தெரியும், உன் நன்மைக்காகவே சீக்கிரம் அழைத்துக் கொண்டேன் என்பான் இறைவன்" என்றார் ஆசிரியர். "அப்படியானால் நரகத்திலிருந்து இரண்டாமவன் அலறுவானே! எனக்கு ஏன் அந்த நன்மையைச் செய்யவில்லை என்று?" ஆசிரியரிடம் பதிலில்லை.

இறைவனின் செயல்களை நம் சிறு தராசில் வைத்து நிறுக்க முடியாது என்பதே அஷ்அரி இமாமின் முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு அவர்கள் வந்த வழியைப் பாருங்கள்! தர்க்கத்தைக் கொண்டே வந்தார்கள். எதிரியின் ஆயுதத்தையே எடுத்து அஹ்லுஸ் ஸுன்னாவின் கோட்டையைக் கட்டினார்கள். அதே காலத்தில் ஸமர்கந்தில் இமாம் மாதுரீதி (ரஹ்) வேறொரு வழியில் ஏறக்குறைய அதே பணியைச் செய்தார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் அரபிக் கல்லூரிகளில் இன்றும் அகீதா பாடம் பெரும்பாலும் இவ்விருவரின் வழியில்தான் நடக்கிறது. ஆக, "கேள்வி கேட்காதே" என்று சொல்பவர் தாம் ஓதிய கிதாபே கேள்வியில் பிறந்தது என்பதை மறந்துவிடுகிறார்.

தத்துவவாதிகள் என்ன சொன்னார்கள்?

கலாம் அறிஞர்கள் வஹீயிலிருந்து தொடங்கி அறிவால் அதைக் காத்தார்கள். ஃபல்ஸஃபா அறிஞர்கள் அறிவிலிருந்து தொடங்கி வஹீயைப் புரிந்துகொள்ள முயன்றார்கள். வேறுபாட்டைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். அரிஸ்டாட்டிலுக்கு அடுத்த 'இரண்டாம் ஆசிரியர்' என்று பெயர் பெற்ற ஃபாராபி (இறப்பு கி.பி. 950) பற்றி விரிவாகப் பேச இங்கே நேரமில்லை. இப்னு ஸீனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இப்னு ஸீனா (980-1037) தம் வாழ்க்கையைத் தாமே சொல்லியிருக்கிறார். அரிஸ்டாட்டிலின் இறைத் தத்துவ நூலை நாற்பது முறை படித்தாராம். மனப்பாடமே ஆகிவிட்டது, பொருள்தான் விளங்கவில்லை. ஒரு நாள் கடைவீதியில் ஒருவர் மலிவு விலைக்கு ஒரு புத்தகத்தை வற்புறுத்தி அவர் தலையில் கட்டினார். மூன்று திர்ஹம். ஃபாராபியின் விளக்க நூல் அது! படித்தார், விளங்கிவிட்டது. மறுநாள் ஏழைகளுக்கு தர்மம் செய்து அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினார். கடினமான கேள்வியில் சிக்கும்போதெல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுது துஆச் செய்வேன் என்றும் சொல்கிறார். இவரைத்தான் "மார்க்கத்தை விட்டவர்" என்று ஒரே வரியில் சிலர் முடித்துவிடுகிறார்கள்.

அவர் தந்த ஒரு கருத்து பின்வந்த கலாம் நூல்கள் அனைத்திலும் நுழைந்துவிட்டது. நாம் காணும் ஒவ்வொரு பொருளும் இருக்கவும் கூடும், இல்லாமலிருக்கவும் கூடும். அது இருப்பதற்கு வேறொன்று காரணமாக வேண்டும். இப்படிப் பிறரைச் சார்ந்த பொருட்களை எத்தனை அடுக்கினாலும் அடுக்கு தானாக நிற்காது. யாரையும் சாராமல் தானே இருந்தாக வேண்டிய ஒருவன் உண்டு. அவனே 'வாஜிபுல் வுஜூத்'. நம் அரபிக் கல்லூரி மாணவர்கள் இந்தச் சொல்லை ஓதாமல் பட்டம் பெறுவதில்லை. யார் தந்த பொருளோடு அதை ஓதுகிறோம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

இமாம் கஸ்ஸாலி செய்தது என்ன?

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வந்துவிட்டோம்.

தூஸ் நகரில் 1058-ல் பிறந்து, நீஷாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீயிடம் பயின்று, 1091-ல் பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியராக அமைச்சர் நிஜாமுல் முல்க்கால் அமர்த்தப்பட்டவர்கள் இமாம் கஸ்ஸாலி. தத்துவத்தை மறுக்க விரும்பினார்கள். ஆனால் முதலில் செய்த வேலை, அதை முழுதாகப் படித்தது! தத்துவவாதிகளின் கொள்கைகளைத் தெளிவாக எடுத்துரைத்து 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' என்ற நூலை எழுதினார்கள். அது எவ்வளவு நேர்மையாக இருந்தது தெரியுமா? பின்னர் அது ஸ்பெயினில் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, முன்னுரை இல்லாமல் ஐரோப்பாவில் பரவியபோது, 'அல்காஸெல்' என்பவர் இப்னு ஸீனாவின் சீடரான ஒரு தத்துவவாதி என்றே அங்குள்ளவர்கள் நீண்ட காலம் நம்பினார்கள். எதிரியின் கொள்கையை எதிரியே மறுக்க முடியாதபடி எடுத்துரைத்துவிட்டுப் பிறகு மறுப்பது! நம் மேடைகளில் இதைக் காண முடிகிறதா?

பிறகு 1095-ல் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' வந்தது. இருபது பிரச்சினைகள். அதன் முன்னுரையிலேயே இமாம் ஒரு கோடு கிழித்துவிடுகிறார்கள். கணிதம், தர்க்கம், வானவியல் ஆகியவற்றோடு மார்க்கத்திற்குச் சண்டையில்லை. கிரகணம் எப்படி ஏற்படுகிறது என்பது கணக்கினால் நிரூபிக்கப்பட்ட விஷயம். அதை மறுப்பது மார்க்கக் கடமை என்று நினைப்பவன் மார்க்கத்திற்கே தீங்கு செய்கிறான் என்பது அங்கே அவர்கள் எழுதியிருப்பதன் சாரம். அறிவியலைக் கொன்றவர் எழுதும் முன்னுரையா இது?

இருபதில் பதினேழு விஷயங்களில் தத்துவவாதிகளின் கருத்து பித்அத் என்றார்கள். மூன்றில் குஃப்ர் என்றார்கள். அந்த மூன்று எவை? உலகம் தொடக்கமின்றி எப்போதும் இருந்து வருகிறது என்பது ஒன்று. இறைவன் பொதுவான விதிகளை அறிவான், தனித்தனி நிகழ்வுகளை அவற்றின் தனித்தன்மையில் அறிய மாட்டான் என்பது இரண்டாவது. மறுமையில் உயிருக்கே கூலி, உடல் எழுப்பப்படாது என்பது மூன்றாவது.

இரண்டாவதை எண்ணிப் பாருங்கள். ஸைது என்பவன் நள்ளிரவில் எழுந்து தொழுதான், ஸைது என்பவன் ஒரு அனாதையின் சொத்தை விழுங்கினான். இறைவன் 'மனிதன்' என்ற பொதுவை மட்டும் அறிவான், இந்த ஸைதை அறிய மாட்டான் என்றால் துஆ எதற்கு? விசாரணை எதற்கு? இமாமின் கேள்வி இதுதான். இதைக் கேட்பதற்குத் தத்துவப் பட்டம் தேவையில்லை. கிராமத்துப் பள்ளியில் கையேந்தி நிற்கும் நம் தாத்தாவின் ஈமானும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

பதினேழாவது பிரச்சினைதான் வெளியுலகில் அதிகம் பேசப்படுவது. பஞ்சில் நெருப்புப் படுகிறது, பஞ்சு எரிகிறது. நாம் பார்ப்பது என்ன? ஒன்றுடன் மற்றொன்று சேர்ந்து நிகழ்வதை. ஒன்று மற்றொன்றைக் கட்டாயமாக உண்டாக்குகிறது என்பதைக் கண் பார்க்கவில்லை, மனம் சேர்த்துக் கொள்கிறது. எரிய வைப்பவன் இறைவன். அவன் வழக்கமாக்கியதால் நாம் அதை எதிர்பார்க்கிறோம். ஏறத்தாழ அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்கு மிக நெருக்கமான வாதத்தை, இறைவனை விட்டுவிட்டு வைத்தார். அவரை நவீன சிந்தனையின் தூண் என்கிறார்கள். இமாம் சொன்னால் சிந்தனைக்குச் சாவுமணியாம்!

இமாமின் பக்கத்தையே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதீர்கள். தஹாஃபுத்தின் இறுதியில் அந்த மூன்று கொள்கைகளையும் உடையவர்கள் மீது குஃப்ர் தீர்ப்பையும், அதற்குரிய தண்டனையையும் இமாம் கூறுகிறார்கள். வாதத்தோடு நின்றிருந்தால் அது அறிவுப் போர். தீர்ப்பாக முடித்தபோது காஜியின் கையில் ஒரு ஆயுதம் போய்ச் சேர்ந்தது. இந்த ஆபத்தை இமாம் அவர்களே உணர்ந்திருக்க வேண்டும். 'ஃபைஸலுத் தஃப்ரிகா' என்ற நூலை, ஒருவரை எப்போது காஃபிர் எனலாம், எப்போது கூடாது என்று வரம்பு கட்டுவதற்காகவே எழுதினார்கள். ஒரு முஸ்லிமின் இரத்தத்தைத் தவறாகச் சிந்துவதைவிட, ஆயிரம் காஃபிர்களைத் தவறுதலாக விட்டுவிடுவது இலேசான பிழை என்ற கருத்தை 'அல்-இக்திஸாத்' நூலில் வைத்தார்கள். தன் அஷ்அரி வழியை விட்டு விலகியதற்காக மட்டும் ஒருவரைக் காஃபிர் எனக் கூடாது என்றும் விளக்கினார்கள். ஊருக்கு ஊர் துண்டுப் பிரசுரம் அடித்துத் தொழுகையாளிகளைக் காஃபிராக்கும் சகோதரர்கள் தஹாஃபுத்தை மேற்கோள் காட்டுவதோடு நிறுத்தாமல், அடுத்த நூலையும் திறந்து பார்க்கட்டும்.

குர்துபாவின் காஜி

கஸ்ஸாலி இமாம் உயிரோடிருந்தபோதே, 1109-ஆம் ஆண்டளவில், ஸ்பெயினின் குர்துபாவில் ஒரு நெருப்பு மூட்டப்பட்டது. எரிந்தது 'இஹ்யா உலூமித்தீன்'. எரித்தவர்கள் தத்துவவாதிகளா? இல்லை. ஃபிக்ஹு அறிஞர்களின் ஃபத்வாவின் பேரில் அரசு எரித்தது! இன்று நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நூல் அன்று மார்க்கத்தின் பெயரால் கொளுத்தப்பட்டது.

அதே குர்துபாவில் 1126-ல் பிறந்தவர் இப்னு ருஷ்த். பாட்டனார் அந்நகரின் காஜி. இவரும் இஷ்பீலியாவிலும் குர்துபாவிலும் காஜியாக இருந்தார். இவருடைய 'பிதாயதுல் முஜ்தஹித்' நான்கு மத்ஹபுகளுக்கும் அப்பாலும் சென்று கருத்து வேறுபாடுகளையும் அவற்றின் காரணங்களையும் அலசுவது. இன்றும் ஆலிம்கள் கையில் புழங்குவது. தொழுகையின் சட்டத்தை எழுதிய அதே கைதான் அரிஸ்டாட்டிலுக்கு விரிவுரை எழுதியது.

அவர் அரண்மனையில் நுழைந்த கதை சுவையானது. அவரை கலீஃபா அபூ யஃகூப் யூஸுஃபிடம் அழைத்துப் போனவர் அரண்மனை வைத்தியரான இப்னு துஃபைல். கலீஃபா எடுத்த எடுப்பிலேயே, "வானங்களைப் பற்றித் தத்துவவாதிகள் என்ன நினைக்கிறார்கள்? ஆதியானவையா, படைக்கப்பட்டவையா?" என்று கேட்டாராம். இப்னு ருஷ்துக்கு நடுக்கம். தத்துவமே படித்ததில்லை என்று மழுப்பினார்! கலீஃபா இப்னு துஃபைலிடம் திரும்பித் தாமே அந்தச் சர்ச்சையை விரிவாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் இவருக்கு மூச்சு வந்தது. அரசனின் முகத்தைப் பார்த்துத்தான் அறிஞன் வாய் திறக்க வேண்டியிருந்தது. மஃமூனின் கேள்வித்தாள் முந்நூறு ஆண்டுகள் கழித்தும் மறக்கப்படவில்லை.

இவர் தஹாஃபுத்துக்கு வரிக்கு வரி பதில் எழுதி 'தஹாஃபுதுத் தஹாஃபுத்' என்று பெயரிட்டார். காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான் என்று பஞ்சு-நெருப்பு வாதத்தைச் சாடினார். என்றாலும் என் மனம் அதிகம் தோய்ந்தது 'ஃபஸ்லுல் மகால்' என்ற அவருடைய சிறு நூலில்தான். காரணம், அது தத்துவவாதியாக அல்லாமல் காஜியாக எழுதியது. அவர் கேட்கும் கேள்வி: ஷரீஅத் சட்டப்படி தத்துவம் பயில்வது ஆகுமானதா, விலக்கப்பட்டதா, விரும்பத்தக்கதா, கடமையா? அவர் தரும் தீர்ப்பு: அதற்குத் தகுதி உடையவர்களுக்குக் கடமை! அல் ஹஷ்ர் அத்தியாயத்தின் 2-ஆம் வசனம் போன்றவற்றில் பார்வையுடையோரைப் படிப்பினை பெறச் சொல்கிறான் இறைவன். தெரிந்ததிலிருந்து தெரியாததை அறிவதுதான் படிப்பினை. அதற்கு முறையான தர்க்கம் வேண்டும். சட்டத்தில் கியாஸ் செய்ய ஃபகீஹுக்கு உரிமை உண்டென்றால், படைப்பிலிருந்து படைத்தவனை அறிய அறிவுக் கியாஸ் செய்ய ஏன் கூடாது?

கிரேக்கர் நம் மார்க்கத்தார் இல்லையே என்ற ஆட்சேபணைக்கு அவர் தரும் பதில் ஒரு காஜிக்கே உரியது. குர்பானிப் பிராணியை அறுக்கும் கத்தி, நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் போதும்; அதை அடித்துத் தந்த கொல்லன் எந்த மார்க்கத்தான் என்று யாரும் கேட்பதில்லை. தத்துவம் படித்துச் சிலர் வழி தவறினார்களே? தண்ணீர் குடிக்கும்போது ஒருவனுக்குத் தொண்டை அடைத்துச் செத்துப் போனான் என்பதற்காக, தாகித்தவனுக்குத் தண்ணீரைத் தடுப்பீர்களா?

குஃப்ர் தீர்ப்பு பற்றியும் பேசுகிறார். தொழுகை, நோன்பு போன்ற செயல்களில் இஜ்மாவை அறியலாம். ஆழ்ந்த கொள்கை விஷயங்களில் எல்லா அறிஞர்களும் ஒரே கருத்தில் இருந்தார்கள் என்று எப்படி நிறுவுவது? நிறுவ முடியாத இஜ்மாவை மீறினார் என்று எவரை எப்படிக் காஃபிராக்குவது? மூன்று பிரச்சினைகளுக்கும் தனித்தனியாகப் பதில் தருகிறார். நம் அறிவு பொருள்களால் உண்டாவது, இறைவனின் அறிவால் பொருள்கள் உண்டாகின்றன. ஆகவே பொது, தனி என்ற நம் அளவுகோலே அங்கு செல்லாது என்கிறார். மறுமை உண்டு என்பதை மறுப்பவன் காஃபிர்தான், அது எவ்வாறு நிகழும் என்பதில் தகுதியுடைய அறிஞன் ஆய்ந்து சொல்வது குஃப்ர் ஆகாது என்கிறார்.

ஓரிடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. மக்களை அவர் மூன்று தரமாகப் பிரிக்கிறார்: நிரூபணம் கேட்பவர், வாதம் கேட்பவர், உபதேசத்தில் அடங்குபவர். உயர்ந்த விளக்கங்களைச் சாமானியரிடம் சொல்லவே கூடாது என்கிறார். கஸ்ஸாலி அவற்றைப் பொது நூல்களில் எழுதியதே குற்றம் என்கிறார். ஒருவருக்குத் தாங்கும் அளவில் பேச வேண்டும் என்பது சரிதான். ஆனால் அறிவைப் பூட்டி வைத்தவருக்குத் தெருவில் ஆபத்து வந்தபோது அவருக்காகப் பேச அந்தத் தெருவில் ஒருவருமில்லை!

ஆம், ஆபத்து வந்தது. 1195-ல் கலீஃபா யஃகூப் அல்-மன்ஸூர் காஸ்டிலுடன் போரில் இருந்தார். ஃபுகஹாக்களின் ஆதரவும் மக்களின் உற்சாகமும் அவருக்குத் தேவைப்பட்டன என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. முதியவரான இப்னு ருஷ்த் விசாரிக்கப்பட்டு, லூசேனா என்ற யூதர்கள் நிறைந்த சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். மருத்துவம், கணக்கு, நேரம் அறியும் வானவியல் தவிர்ந்த தத்துவ நூல்கள் நெருப்பிலிடப்பட்டன. மகனுடன் அஸர் தொழப் பள்ளிக்குப் போனபோது கூட்டம் தம்மை விரட்டியதுதான் துன்பங்களிலெல்லாம் பெரிது என்று அவர் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. பிதாயதுல் முஜ்தஹிதை எழுதியவரைப் பள்ளியிலிருந்து விரட்டினார்கள்!

பிறகு மன்னிக்கப்பட்டு, 1198 டிசம்பரில் மராக்கிஷில் காலமானார். ஜனாஸா பின்னர் குர்துபாவுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, வாகனப் பிராணியின் ஒரு பக்கம் அவர் உடலும் மறுபக்கம் பாரம் சமமாக அவர் எழுதிய நூல்களும் கட்டப்பட்டிருந்ததை நேரில் கண்ட இளைஞர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த இளைஞர் ஷெய்குல் அக்பர் இப்னு அரபி.

நூல்கள் எங்கே போயின? ஹீப்ருவுக்கும் லத்தீனுக்கும் போயின. அரிஸ்டாட்டிலின் ஆன்மா பற்றிய நூலுக்கு அவர் எழுதிய பேருரையின் முழு வடிவம் இன்று லத்தீனில்தான் இருக்கிறது, அரபியில் இல்லை. ஃபஸ்லுல் மகாலின் அரபி மூலம் 1859-ல் முதன்முதலாக அச்சேறியது ஜெர்மனியின் ம்யூனிச்சில்! இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலும் இந்தச் சிந்தனைகளுக்கு எளிதாக வரவேற்பு கிடைக்கவில்லை. 1277-ல் பாரிஸ் பிஷப் 219 கருத்துகளுக்குத் தடை விதித்தார். உலகம் ஆதியானது என்பதும் அவற்றில் ஒன்று. கேள்வியும் ஒன்றே, தடையும் ஒன்றே. சிந்தனைக்கு விரோதம் நம் மார்க்கத்தின் தனிச் சொத்து என்பவர்கள் இந்த ஆண்டையும் குறித்துக் கொள்ளட்டும்.

அதோடு முடிந்ததா?

ரெனான் முடிந்தது என்றார். கிழக்கே என்ன நடந்தது என்று அவர் பார்க்கவில்லை. தர்க்கத்தைக் கஸ்ஸாலி இமாம் மார்க்கக் கல்விக்குள்ளேயே கொண்டு வந்துவிட்டார்கள். உஸூலுல் ஃபிக்ஹு பற்றிய தம் 'அல்-முஸ்தஸ்ஃபா' நூலை மன்திக் பாடத்தோடுதான் தொடங்கினார்கள். அது தெரியாதவரின் கல்வியை நம்ப முடியாது என்றும் கருதினார்கள். இதை இப்னுஸ் ஸலாஹ் போன்றோர் கடுமையாக எதிர்த்தார்கள். இப்னு தைமிய்யா (ரஹ்) தர்க்கவாதிகளை மறுத்து ஒரு பெருநூலே எழுதினார்கள்; அந்த மறுப்பும் ஆழ்ந்த தத்துவ ஞானம் இல்லாமல் எழுதக்கூடியது அல்ல. மறுபக்கம் ஃபக்ருத்தீன் ராஸீ, நஸீருத்தீன் தூஸி, தஃப்தாஸானி என்று ஒரு நீண்ட வரிசை. கலாமும் தத்துவமும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகக் கலந்துவிட்டன என்று 14-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் குறைபட்டுக் கொள்ளும் அளவுக்கு நிலைமை இருந்தது. செத்துப் போனதாகச் சொல்லப்படும் தத்துவம் அகீதா கிதாபுக்குள் குடியேறியிருந்தது!

அங்கிருந்து அது இந்தியாவுக்கு வந்தது. லக்னோ ஃபிரங்கி மஹல்லின் முல்லா நிஜாமுத்தீன் (இறப்பு 1748) வகுத்த 'தர்ஸே நிஜாமி' பாடத்திட்டத்தில் மன்திக், ஹிக்மத் நூல்கள் குவிந்து கிடந்தன. அவை மிகுந்துவிட்டன, ஹதீஸ் குறைந்துவிட்டது என்று பின்னாளில் தேவ்பந்தில் சில நூல்கள் குறைக்கப்பட்டன. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் உள்ளிட்ட நம் கல்லூரிகள் இந்தப் பாடத்திட்டத்தின் வழி வந்தவையே. மத்ரஸாக்களில் சிந்தனைக் கல்வியே இருந்ததில்லை என்று சொல்லி, சீர்திருத்தம் செய்ய வருபவர்களிடம் இந்தப் பழைய பாடப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நம் மத்ரஸா நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள்: மன்திக் கிதாபை ஷரஹோடு மனனம் செய்ய வைப்பதை விட, கஸ்ஸாலியும் இப்னு ருஷ்தும் மோதிய ஒரே ஒரு பிரச்சினையை இரு தரப்பு நூல்களையும் முன்னால் வைத்து மாணவர்களை வாதிட விடுங்கள்.

முல்லா நிஜாமுத்தீனின் மகன் அப்துல் அலீ. 'பஹ்ருல் உலூம்', கல்விக் கடல் என்று போற்றப்பட்டவர். லக்னோவை விட்டு வெளியேறி, பல ஊர்களில் பாடம் நடத்தி, ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் அழைப்பின் பேரில் சென்னைக்கு வந்தார். தர்க்கத்தில் 'ஸுல்லமுல் உலூம்' நூலுக்கு அவர் எழுதிய விரிவுரை புகழ் பெற்றது. 1810-ல் இங்கேயே காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமாகியிருக்கிறார். ஜும்ஆவுக்கு அங்கே போகும் நம்மில் எத்தனை பேர் அவருக்காக ஒரு துஆச் செய்கிறோம்?

உஸூல் கலையில் அவர் எழுதிய 'ஃபவாதிஹுர் ரஹமூத்' ஹிஜ்ரி 1322-ல் எகிப்தின் பூலாக் அச்சகத்தில் அச்சாகத் தொடங்கியது. தனியாக அல்ல. இமாம் கஸ்ஸாலியின் முஸ்தஸ்ஃபாவோடு சேர்த்து, இரண்டும் ஒரே தொகுப்பாக. அரபு நாடுகளின் நூலகங்களில் அந்தப் பதிப்பு இன்றும் இருக்கிறது.